புதன்கிழமை மூன்று மணி, ரூபா டிபன் கடை

சத்யப்ரியாவுக்குச் சொந்த ஊர் விருதுநகர் பக்கம். கணவர் கமலக்கண்ணனுக்கு ஓசூரில் வேலை கிடைத்தபோது கூடவே வந்தவள். இப்போது அவளும் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ஒரே மகள் யுவஸ்ரீக்கு ஒன்பது வயது. ஆட்டிசம் உள்ள பிள்ளை. பேச்சு குறைவு, சத்தம் தாங்காது.

நான்கு வருடத்துக்கு முன் ஒரு பெரிய ஹோட்டலில் மிக்சி ஓடியதும் யுவஸ்ரீ மேஜைக்கடியில் புகுந்து அலறினாள். பக்கத்து மேஜைக்காரர் செல்போனில் படம் எடுத்தார். சூப்பர்வைசர் வந்து, "பார்சல் கட்டித் தர்றோம் மேடம், கிளம்புங்க" என்றார். அதோடு அவர்கள் வெளியே உட்கார்ந்து சாப்பிடுவதையே விட்டுவிட்டார்கள்.

கம்பெனி பஸ் இறக்கிவிடும் இடத்தில்தான் ரூபாவின் டிபன் கடை. காலை ஷிப்ட் முடிந்து இறங்கும் சத்யப்ரியா அங்கே பார்சல் வாங்குவாள். ஒருநாள் ரூபா கேட்டாள்: "எப்பவும் பார்சல்தானாக்கா? பாப்பாவ கூட்டினு வாங்களேன்."

சத்யப்ரியா நடந்ததைச் சொன்னாள். ரூபா உச்சுக்கொட்டவில்லை. "எந்தெந்த சத்தம் ஆகாது?" என்று மட்டும் கேட்டாள்.

"மிக்சி, டிவி. அப்புறம் தட்டைத் தூக்கிப் போடுற சத்தம்."

"புதன்கிழமை மூணு மணிக்கு வாங்க. கூட்டம் இருக்காது."

மூவரும் போனார்கள். டிவி அணைந்திருந்தது. சட்னியை ரூபா முன்பே அரைத்து வைத்திருந்தாள். தட்டுக்குப் பதில் வாழையிலை. யுவஸ்ரீ உட்காராமல் நேரே அடுப்படிக்குப் போனாள். கமலக்கண்ணன் பதறி எழுந்தார்.

"நீங்க சாப்பிடுங்க சார், நான் பாத்துக்கிறேன்" என்ற ரூபா, அவளைச் சற்றுத் தள்ளி நிறுத்தி தோசை வார்ப்பதைக் காட்டினாள்.

அப்போது டீ குடித்து முடித்த ஒரு லாரி டிரைவரின் கை பட்டு டம்ளர் உருண்டு விழுந்தது. யுவஸ்ரீ காதைப் பொத்திக்கொண்டு கத்தினாள். சத்யப்ரியா கிளம்பப் பையை எடுத்துவிட்டாள்.

"தப்பு என்னுதும்மா, நீங்க உக்காருங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு டிரைவர் வெளியே போய் நின்றுகொண்டார். ரூபா ஃபேனை நிறுத்தினாள். யாரும் வேடிக்கை பார்க்கவில்லை. பத்து நிமிடத்தில் கத்தல் அடங்கியது. யுவஸ்ரீ வந்து அம்மாவின் இலையிலிருந்த தோசையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

கிளம்பும்போது சத்யப்ரியா ரூபாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அடுத்த புதனும் வாங்கக்கா" என்றாள் ரூபா.

யுவஸ்ரீ போகும் தெரபி சென்டரில் மற்ற அம்மாக்களிடம் சத்யப்ரியா இதைச் சொல்ல, இப்போது புதன்தோறும் ஐந்து குடும்பங்கள் வருகின்றன. அத்திப்பள்ளியிலிருந்து கன்னடம் பேசும் குடும்பம் ஒன்றும் உண்டு. போன வாரம் போச்சம்பள்ளியிலிருந்து ஒரு பெண், மகளை இறுக்கிப் பிடித்தபடி வாசலிலேயே தயங்கி நின்றாள். சத்யப்ரியா எழுந்து போனாள்.

"கையை விடுங்க, உள்ள வரட்டும். இங்க யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."