ரொட்டிக்கடைக்கு மேல் ஒரு சபை

நாங்கள் குடியேறிய நாட்டில், சென்ட் லோரன்ட் பகுதியில், ஒரு லெபனான்காரரின் ரொட்டிக்கடைக்கு மேல்மாடியில் தமிழ்க் கிறிஸ்தவச் சபை கூடுகிறது. லெபனானில் இஸ்ரேலின் குண்டு விழுந்துகொண்டிருக்கும் ஜூலை மாத ஞாயிறு.

"இஞ்ச எங்கட அரசாங்கம் இஸ்ரவேலோட நிக்குதெண்டா, எங்கட ஜெபமும் நீங்கள் எம்.பி.க்கு எடுத்த போனும்தான் காரணம். நாளைக்கும் எடுங்கோ" என்கிறார் பாஸ்டர். அல்லேலூயா அதிர்கிறது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, படியிறங்கி வந்துவிடுகிறேன்.

ஆராதனைக்குப் பிந்திய சாப்பாட்டுக்கு ரொட்டி வாங்க வந்த யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர், கடைக்குள் போகாமல் வாசலில் நிற்கிறார். கண்ணாடிக்கு அப்பால் டிவியில் இடிந்த வீடுகள்.

"நீங்களும் போன் பண்ணீங்களாண்ணா?"

"ஓம் தம்பி, இஸ்ரவேலை ஆசீர்வதிக்கோணுமெண்டு வேதத்தில இருக்கெண்டு எடுத்தனான். ஊரில எங்கட வீட்டுக்கும் பிளேனாலதான் குண்டு போட்டவங்கள். இப்ப இந்தக் கடைக்கார மனுசன்ர முகத்தைப் பாக்கேலாமக் கிடக்கு. நீங்கள் போய் வாங்கி வாறியளோ?"

போகிறேன். சூடான ரொட்டிப் பையை நீட்டிய கடைக்காரர் என் கையை விடவில்லை. உடைந்த ஆங்கிலத்தில் சொல்கிறார்: "அம்மா ஊரில் இருக்கிறாள். லைன் கிடைக்கவில்லை. மேலே சொல்லி ஜெபிக்கச் சொல்லுங்கள்."

"என்ன சொன்னவர்?" பையை வாங்கிக்கொண்டே அண்ணன் கேட்கிறார். சொல்கிறேன்.

மேலே அடுத்த பாட்டு தொடங்கிவிட்டது. அண்ணன் முதல் படியில் ஒரு காலை வைத்தபடியே நிற்கிறார்.