ஒரு அடுப்புக்கு ஒரு பாடு

லைட்ஹவுஸ் குப்பத்தில் தருமனைக் கேட்காமல் ஏரியில் ஒரு வலை விழாது. நல்ல இறால் படும் இடங்களில் முறை வைத்துத்தான் வலை போட வேண்டும். அந்த முறைக்குப் பாடு என்று பெயர்; அதைப் பிரித்துக் கொடுப்பவர் தருமன். குடும்பத்துக்கு ஒரு பாடு. ஒரே இடத்தில் ஒரே நாளில் இரண்டு வலை விழுந்தால் உலகம் அன்றோடு முடிந்துவிடும் என்று தருமன் நம்பினார். இதுவரை முடியவில்லை என்பதே அவர் சேவைக்குச் சான்று.

எண்பத்தெட்டில் மீனவர் சங்கத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. பழவேற்காட்டு உமர் மெட்ராஸில் அதைப் படித்துவிட்டு வந்திருந்தான். பாடு விவரத்தை ஏற்றுவதற்கு முன்னால், பெரிய தாளில் கட்டம் கட்டமாக வரைந்துகொண்டு தருமனிடம் வந்து உட்கார்ந்தான்.

"ஒரு குடும்பத்த இன்னொண்ணுலேர்ந்து எப்படிண்ணே பிரிக்கிறது? பேர வெச்சா?"

"வரதன்னு கூப்ட்டுப் பாரு. கரையில பாதிப் பேரு திரும்புவான்."

"அப்பா பேரு? வீடு?"

"அண்ணன் தம்பிக்கு ஒரே நைனாதான். வீடும் ஒண்ணுதான். அடுப்ப எழுது தம்பி. தனி அடுப்புன்னா தனிக் குடும்பம், தனிப் பாடு."

உமருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அடுப்புக்கு ஒரு நம்பர் கொடுத்தான். அதே நம்பர் இரண்டாம் முறை வந்தால் மிஷின் ஏற்காது என்று விதி எழுதினான். தருமனுக்கு மிஷினை ரொம்பப் பிடித்துப்போனது. முகதாட்சண்யம் பார்க்காத பிறவி, தம்மைப் போலவே.

மிஷின் முதலில் தள்ளியது அவருடைய ஒரே மகன் நீலமேகத்தை. கல்யாணமாகி, பிள்ளையும் பெற்று, இந்த இறால் பருவத்துக்காவது தனிப் பாடு கிடைக்காதா என்று காத்திருந்தவன். அப்பன் அடுப்பில் சாப்பிடுகிறவனுக்கு ஏது பாடு?

"நைனா, நீ ஒரு வார்த்தை சொன்னா..."

"மிஷினுகிட்ட சொல்லு."

தருமனின் மனைவி முனியம்மா கொல்லையில் களிமண் பிசைந்து புது அடுப்பு போட்டாள். தருமன் போய் அதற்குள் கையை விட்டுச் சாம்பலைத் தேடினார்.

"அங்க சோறு, இங்க கொழம்புன்னா அது ஒரே அடுப்புதான். ஏமாத்தாத."

"இன்னாய்யா சட்டம் பேசுற? இனிமே நானும் மருமவளும் இங்கதான் ஆக்கித் துன்னுவோம். உன் அடுப்ப நீயே வெச்சுக்கோ."

வைத்துக்கொண்டார். டீக்கடை பன்னில் காலம் ஓடியது.

மறுவாரம் உமர் வந்தான். நீலமேகத்துக்குப் புது அடுப்பு நம்பர் விழுந்தது, பாடும் விழுந்தது.

"உங்க அடுப்பு எரியலையேண்ணே? அந்தக் கட்டத்துல இன்னா போடறது?"

"காலியா வுடு."

"காலியா வுட்டாலும் மிஷின் தள்ளிடும். உங்களுக்குப் பாடு நிக்காது."

தருமன் புகையில்லாத தம் கூரையைப் பார்த்தார். விதியைத் தளர்த்தச் சொல்லலாம். எழுதியவன் எதிரில்தான் இருக்கிறான். ஆனால் இவருக்காக ஒருமுறை வளைந்தால், நாளைக்கு எல்லா வரதன்களுக்கும் வளைய வேண்டும். அதைவிடச் சங்கடமான ஒன்றும் இருந்தது. இதே விதி மகனைத் தள்ளியபோது அவருக்கு எவ்வளவு அழகாகத் தெரிந்தது!

எழுந்து உள்ளே போனார். வாழ்க்கையில் முதன்முறையாக விறகு வைத்து அடுப்பை ஊதினார். கண்ணில் நீர் வழிய வாசலுக்கு வந்து, "எரியுது, எழுதிக்கோ" என்றார்.

கொல்லையிலிருந்து முனியம்மாவின் குரல் வந்தது: "அரிசியக் கழுவுனியாய்யா?"