பதினோரு வீட்டு மக்காச்சோளம்

மலைமேல் வாழவந்தி நாட்டு ஊர் ஒன்றில் ஓர் எருமைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தபோதுதான், எங்கள் கால்நடை மருத்துவர் பூங்கொடி இறந்துவிட்டார் என்று போன் வந்தது. ஊசியைப் போட்டு முடித்துவிட்டு அழுதேன். பாதியில் விட்டிருந்தால் அவருக்குப் பிடித்திருக்காது.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அவர் வாய் தெரியும். கால்நடை ஆய்வாளரான என்னை "ஏனுங்க, அரை டாக்டரே" என்றுதான் கூப்பிடுவார். அதற்கேற்ப நானும் ஒரு மழைக்காலத்தில் அரைகுறை வைத்தியம் சொன்னேன். பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைக் கழுவிக் காயவைத்துக் கோழிக்குப் போடலாம் என்று திண்ணனூர் நாட்டில் வீடு வீடாகச் சொல்லிவைத்தேன். நமக்கு ஆகாத தானியம் கோழிக்கு ஆகும் என்பது மலையில் எல்லோருக்கும் உள்ள நினைப்புதான்.

அடுத்த மாதம் பொன்னாயி அக்கா வீட்டில் கோழிகள் சாக ஆரம்பித்தன. செத்த ஒன்றை டாக்டர் அறுத்துப் பார்த்தார். ஈரல் மஞ்சளாக வீங்கி, தொட்டால் உதிர்ந்தது. உள்ளே அடுப்பில் இன்னொரு கோழி வெந்துகொண்டிருந்தது. பிள்ளை பெற்றுப் பதினெட்டு நாளான மகளுக்கென்று அதன் ஈரலைத் தனியாக எடுத்து வைத்திருந்தார் அக்கா.

"அதக் குடுக்காதீங்க," என்றார் டாக்டர்.

"நல்லா வேகவெச்சுட்டேனுங்க."

"வெந்தாலும் அந்த வெசம் போவாதுங்க. பூஞ்சையக் கழுவுனாலும் வெசம் சோளத்துல நிக்கும். கோழி ஈரல்ல, முட்டையில சேரும். உங்க மக தின்னா அவ ஈரலக் கெடுக்கும், தாய்ப்பால்லயும் எறங்கும்."

பச்சை உடம்புக்காரியின் சோற்றைப் பறிப்பதா என்று அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "கழுவிப் போடலாம்னு சார்தானுங்க சொன்னாரு."

டாக்டர் என் பக்கம் திரும்பவே இல்லை. "நாங்க சொன்னது தப்புங்க," என்றார். என் தப்பில் அவரும் பங்கு எடுத்துக்கொண்டது எனக்கு இன்றும் கூசுகிறது. அக்கா சட்டியை இறக்கினார்.

வெளியே வந்ததும், "இன்னும் எத்தன ஊட்டுல சொன்னீங்க?" என்று டாக்டர் கேட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன். "ஒண்ணு ரெண்டு இருக்குமுங்க." அவர் வண்டியை எடுக்காமல் நின்றார்.

"பத்துங்க," என்றேன்.

மழையில் பத்து வீட்டுக்கும் போனோம். அவர் தள்ளி நின்றுகொண்டார். சொல்ல வேண்டியது நான். முதல் வீட்டில் நான் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். "மருந்து ஒத்துக்கலைன்னா மாத்துறமில்லீங்க, பேச்சும் அப்படித்தான்," என்றார் டாக்டர் மெதுவாக. ஐந்தாவது வீட்டில் ஒரு பெரியவர், "உங்கள நம்பித்தானுங்க போட்டோம்," என்று ஏசினார். டாக்டர் குறுக்கே வரவில்லை.

கடைசி வீட்டில் ஒரு சின்னப் பெண் வேகவைத்த முட்டையை உரித்து வாய்க்குக் கொண்டுபோனாள். யாரும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன்: "அதத் தின்னாத சாமி. நான் சொன்னது தப்பு."

டாக்டரின் படிப்பு எனக்கு வராது. ஆனால் என் தப்பை முகம் பார்த்துச் சொல்லும் தைரியம் அவர் கொடுத்தது. நான் சொன்னதைக் கேட்டுத்தான் அந்தப் பெண் முட்டையைக் கீழே வைத்தாள்.