தட்டிப் பார்க்கும் வேலை

கல்லூரியில் மூன்று வருடம் வாய்ப்பாட்டுப் படித்தேன். ஒரு கச்சேரிக்கும் யாரும் கூப்பிடவில்லை. கடைசியில் விருத்தாசலத்திலேயே ஒரு பீங்கான் கம்பெனியில் சேர்ந்தேன். சூளையிலிருந்து வரும் ஊறுகாய் ஜாடிகளைத் தட்டிப் பார்ப்பதுதான் வேலை. கணீரென்று ஒலித்தால் நல்லது. விரிசல் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் சத்தம் மங்கிவிடும், அதைக் கழித்துவிடுவேன்.

“பாட்டு படிச்ச காது, ஏமாறாது” என்று முதலாளிக்குப் பெருமை.

போன மாதம் திட்டக்குடியிலிருந்து ஒருவர் மகளோடு என்னைத் தேடி வந்தார். கல்லூரி வாசலில் என் படம் போட்டு, ‘இசை படித்தார், வேலை பெற்றார்’ என்று பேனர் வைத்திருக்கிறார்களாம்.

“பாப்பா அங்கதான் சேருவேன்னு ஒத்தக்கால்ல நிக்குதுங்க. பாட்டுல முன்னுக்கு வருமான்னு நீங்கதான் கேட்டுச் சொல்லணும்.”

சூளையோரம் நின்று அந்தப் பெண் பாடினாள். என்னிடம் என்றைக்குமே இருந்திராத குரல். ஜாடி அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் கைவேலையை நிறுத்திவிட்டார்கள்.

“எப்படிங்க இருக்குது?” என்றார் அப்பா.

“வேற ஏதாச்சும் படிக்க வையுங்க” என்றேன்.

அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. விரிசலே இல்லாத ஒன்றைக் கழித்தது அன்றுதான்.