ஈரம் என் பொறுப்பு

வாட்ச்மேன் நாகராஜ் எனக்குப் போன் செய்தபோது காலை ஆறு இருபது. அந்த நேரத்தில் சின்னக்கண்ணு கிடங்கில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்க வேண்டும். பூவாளியைப் பீப்பாய்களின் மேல் சாய்க்கவே மாட்டார். தரையை நனைப்பார், தரையில் விரித்த கோணிச் சாக்குகளை நனைப்பார், பிறகு கண்ணை மூடி மூச்சை இழுத்து, இன்னும் இரண்டு வாளி என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். அன்றைக்கு அவர் சைக்கிளையே எடுக்கவில்லை. முதலியார்பேட்டை வீட்டில் விடியற்காலையில் நெஞ்சு வலி வந்திருக்கிறது. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. ஜூலை பதினான்கு, திங்கட்கிழமை.

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் இருக்கும் எங்கள் வடிசாலை சிறியது. மூன்று செப்புக் கொப்பரைகள், அறுபது பீப்பாய்கள், ஐந்து பேர். சோதனைக்கூடம் என் வேலை. முதலாளி கலைச்செல்வன், சொல்தா என்று ஊரில் சொல்லும் பட்டாளக்காரர் வீட்டுப் பிள்ளை. அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அதனால் கிடைத்த பிரெஞ்சுக் குடியுரிமையில் கலைச்செல்வன் அயர்லாந்து போய், பதினோரு வருடம் அங்கே விஸ்கி வடித்துவிட்டு, அதே முறையில் இங்கே தொடங்கினார். பாய்லர் பார்க்கச் சான்றிதழ் உள்ள ஆள் தேவைப்பட்டது. மூடிப்போன பஞ்சாலையில் இருபத்தேழு வருடம் பாய்லர் பார்த்த சின்னக்கண்ணு வந்து நின்றார். குடிப்பழக்கம் உண்டா என்று கலைச்செல்வன் கேட்டார்.

"குடிச்சி முடிச்சிட்டேன் தம்பி. என் கோட்டா தீந்துபோச்சி."

உண்மைதான். இருபத்திரண்டு வருடமாக அவர் தொட்டதில்லை. ஆனாலும் தினம் மாலை வீட்டு வாசலில் மனைவி சின்னப்பாப்பா அவரை நிறுத்தி ஊதச் சொல்வாராம். சட்டை, தலைமுடி எல்லாம் நாறும், வாய் மட்டும் சுத்தமாக இருக்கும். "போலீசுகூட எப்பயாச்சும்தான் ஊதச் சொல்றான், எனக்கு டெய்லி டூட்டி" என்பார்.

ஐரிஷ் முறையில் மூன்று தடவை வடிக்க வேண்டும். ஏன் மூன்று என்று கலைச்செல்வன் படம் போட்டு விளக்க ஆரம்பித்தார். சின்னக்கண்ணு பாதியிலேயே புரிந்துகொண்டு கொப்பரைகளுக்குப் பெயர் வைத்துவிட்டார்: கார்டிங், சிம்ப்ளெக்ஸ், ஸ்பின்னிங். பஞ்சு மூன்று மிஷின் தாண்டினால்தானே நூல் என்றார். ஒரு மாதத்தில் நாங்கள் எல்லோரும், கலைச்செல்வன் உட்பட, அப்படியே சொல்ல ஆரம்பித்தோம். அயர்லாந்திலிருந்து பார்க்க வந்த ஒருவரிடம் மூன்றாவது கொப்பரையைக் காட்டி "ஸ்பின்னிங்" என்று கலைச்செல்வன் சொல்லிவிட்டு முழித்தது இன்றும் நினைவிருக்கிறது.

வடித்து வருவதில் முன்னால் வரும் தலையும் பின்னால் வரும் வாலும் ஆகாது, நடுவில் வருவதை மட்டும் பிடிக்க வேண்டும். நான் கருவி வைத்து அளந்து சொல்வேன். அவர் இரண்டு சொட்டை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து மோந்து பார்ப்பார். முதலில் வருவது பெயிண்ட் வாசனை. கடைசியில் வருவது நனைந்த நாய். நடுவில் ஒரு கணம் அவர் முகம் மாறும். "வயிறு வந்துடுச்சி டீச்சர், புடிங்க." நான் ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தியவள் என்பதால் கடைசி வரை டீச்சர்தான். கருவி அதற்கான எண்ணைக் காட்ட இன்னும் ஒரு நிமிடம் ஆகும்.

வடித்ததை மரப் பீப்பாயில் மூன்று வருடம் வைத்தால்தான் அதற்கு விஸ்கி என்று பெயர். அது அயர்லாந்துச் சட்டம். அங்கே வருடத்துக்கு நூறில் இரண்டு பங்கு காற்றோடு போய்விடுமாம். தேவதைகள் குடிக்கிறார்கள் என்று சொல்வார்களாம். புதுச்சேரி வெயிலில் எங்களுக்குப் பன்னிரண்டு பங்கு போயிற்று. "நம்ம ஊரு தேவதைங்க மொடாக்குடிங்க" என்று சின்னக்கண்ணு சிரித்தார். கலைச்செல்வனால் சிரிக்க முடியவில்லை.

இந்த மே மாதக் கடைசியில் முதல் பீப்பாயை அளந்தபோது, இருநூறு லிட்டரில் நூற்று நாற்பதுகூட இல்லை. மூன்று வருடம் நிறைய ஆகஸ்ட் இரண்டு வரை காத்திருக்க வேண்டும். கலைச்செல்வன் அங்கேயே முடிவெடுத்தார்: அடுத்த வாரமே பாட்டிலில் அடைப்போம், இங்கே யாரும் வருடத்தை எண்ணிப் பார்க்கப்போவதில்லை. லேபிள் தயாராக இருந்தது. 'ஐரிஷ் முறையில் வடித்த விஸ்கி' என்று அதில் இருந்தது.

சின்னக்கண்ணு கைகளைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்தார்.

"அப்போ லேபிள்ல சாராயம்னு போடு தம்பி. தப்பான பேரு இல்ல. தெருவுக்குத் தெரு கட இருக்குது."

"விளையாடாதீங்கண்ணே. மொத்தத்தையும் காத்து குடிச்சிட்டா லேபிள எதுல ஒட்டறது?"

"மூணு வருசம்னு நீதான சொன்ன? நானா சொன்னேன்?" அவர் குரல் உயரவில்லை. "மில்லுல அக்னி நட்சத்திரத்துல ஈரம் கொறஞ்சா நூலு பட்டுபட்டுனு அறுந்துடும். அதுக்காக நூல உட்டுட்டு பஞ்சாவா வித்தோம்? தண்ணி தெளிச்சோம். ரெண்டு மாசம் குடு. ஈரம் என் பொறுப்பு."

கலைச்செல்வன் வெளியே போய்விட்டார். பாட்டிலுக்குக் கொடுத்த ஆர்டரை ரத்து செய்யவும் இல்லை, அவசரப்படுத்தவும் இல்லை.

மறுநாளிலிருந்துதான் காலையும் மாலையும் தெளித்தல். சாக்குகளைச் சின்னப்பாப்பா அரிசி மண்டியில் கேட்டு வாங்கிக் கொடுத்தார். நாகராஜ் கிண்டலாக, பீப்பாய்க்கு ஜுரமா என்பார். ஆமாம், பத்தியம் வைக்கப் போறேன் என்பார் இவர். ஜூன் கடைசியில் அளந்தேன். மே மாதம் குறைந்ததில் பாதிதான் குறைந்திருந்தது. சாக்கா, இடையில் பெய்த நான்கு மழையா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. அவரிடம் சாக்கு என்றே சொன்னேன்.

சின்னக்கண்ணு இறந்த செய்தி போனபோது கலைச்செல்வன் தன் அப்பாவுக்குக் கோட்டில் பதக்கங்களைக் குத்திக்கொண்டிருந்தாராம். பிரெஞ்சு தேசிய நாள் விழாவுக்குக் கடற்கரைக்குப் புறப்பட வேண்டிய நேரம். அப்பாவைப் பக்கத்து வீட்டுக்காரரோடு அனுப்பிவிட்டு முதலியார்பேட்டைக்கு வந்தார். எல்லாம் முடிந்து, குளித்த ஈரத்தலையோடு நேராகக் கிடங்குக்குப் போனார். நான் பின்னால் போனேன். தரை வெளிறிக் காய்ந்து கிடந்தது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பூவாளியை எடுத்தார். தெளித்து முடித்த பிறகு பாட்டில்காரருக்குப் போன் செய்து, ஆகஸ்ட் இரண்டுக்கு முன்னால் வண்டி அனுப்ப வேண்டாம் என்றார். அதன் பிறகுதான் இருவரும் மேற்குச் சுவரைப் பார்த்தோம்.

அங்கே இருக்கும் இரும்பு வலை வழியாகப் பிற்பகல் வெயில் நேராக முதல் பீப்பாயில் விழும். அதை மறைக்க ஈரப் படுதா தொங்கவிடுவதற்காகச் சின்னக்கண்ணு ஏழு சாக்குகளை ஒன்றாகத் தைத்துக்கொண்டிருந்திருக்கிறார். ஐந்து சேர்ந்துவிட்டன. ஆறாவதில் முக்கால் முழம் தையல் ஓடியிருக்கிறது. சணல் கோத்த கோணி ஊசி அதிலேயே குத்தி நிற்கிறது.