இடிக்குக் கழற்றிய பிளக்

லிந்துலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கணினி என்று இருப்பது ஒன்றே ஒன்று. தேவாலயத்தை ஒட்டிய அறையில், ஷிராணியின் பொறுப்பில் இருக்கிறது. ஒரு தொண்டு நிறுவனம் கொடுத்தது. கொடுத்த நாளில் படம் பிடிக்க ஏழு பேர் வந்தார்கள். பழுதானபோது எட்டிப் பார்க்க ஒருவரும் வரவில்லை.

ஷிராணி என்னோடு பிள்ளை மடுவத்தில் வேலை செய்கிறாள். காலையில் கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வோம். பகல் இரண்டு மணிக்கு அவள் போய் கணினி அறையைத் திறப்பாள். தோட்டத்தில் யார் எந்த விண்ணப்பம் போடுவதாக இருந்தாலும் அவளிடம்தான் வர வேண்டும். இதற்கு அவளுக்குச் சம்பளம் கிடையாது, ஒரு நன்றி கூட ஒழுங்காகக் கிடையாது.

அவளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அவர்கள் குடியிருந்த லயம், ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருந்த வீடுகள், எரிந்தது. மின்னல் கம்பி வழியாக இறங்கி, ஒரு வீட்டுத் தொலைக்காட்சியில் பிடித்த தீ பன்னிரண்டு வீட்டையும் முடித்துவிட்டது. அன்றிலிருந்து எங்கள் எல்லோருக்கும் ஒரு பழக்கம். இடி இடித்தால், அடுப்பில் பால் பொங்கினாலும் முதலில் பிளக்கைக் கழற்றுவோம். யாரும் சொல்ல வேண்டியதில்லை, கை தானாகப் போகும்.

போன ஐப்பசியில் அந்தக் கணினி ஒரே பல்லவியைப் பாட ஆரம்பித்தது. புதுப்பிப்பு முடிய வேண்டும், என்னை அணைத்து மறுபடி தொடங்கு என்று கேட்கும். தொடங்கினால் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு அடுத்த நாளும் அதையே கேட்கும். வேறு எதையும் திறக்க விடாது. ஷிராணி வேண்டாத கோப்புகளை அழித்தாள். புதுப்பிப்பையே நிறுத்திப் பார்த்தாள். ஹட்டனில் கணினி பழுது பார்க்கும் திலக்ஷனைப் போனில் கேட்டாள். "இடம் பத்தாம இருக்கும்க்கா" என்றான். இடமும் ஒழித்துக் கொடுத்தாள். அது மசியவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் பூரணி வந்தாள். கொழுந்து பறிக்கிறவள், உயர்தரப் பரீட்சையில் விஞ்ஞானம் எடுத்துச் சித்தியடைந்தவள். தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்க அவளுக்கு வயதெல்லை அந்த வருடத்தோடு முடிகிறது. பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் பிழை. அதைத் திருத்தி வாங்க எட்டு மாதம் அரசாங்க அலுவலகம், கந்தோர் கந்தோராக அலைந்திருந்தாள். கையில் கிடைத்தது கடைசி நாளன்றுதான். மாலை ஐந்து மணிக்கு விண்ணப்பம் மூடிவிடும்.

போனில் முயன்றார்கள். எங்கள் மலையில் சிக்னல் வந்த வேகத்தில் போய்விடும், பக்கம் பாதியில் நின்றது. வேறு வழியில்லாமல் ஷிராணி கணினி கேட்டபடியே அதை மறுபடி தொடங்கினாள். இரண்டே கால் மணி. நூற்றுக்கு முப்பது முடிந்தது, அணைக்க வேண்டாம் என்று ஆங்கிலத்தில் எழுத்து வந்தது. இரண்டு பேருக்கும் அதை வாசிக்கத் தெரியும்.

அப்போது இடி இடித்தது. சுவர்ப் பக்கம் உட்கார்ந்திருந்த பூரணி சட்டென்று குனிந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

"நல்ல வேலை செஞ்ச" என்றாள் ஷிராணி.

மழை விட்டு மறுபடி செருகியபோது நான்கு மணி. கணினி அதுவரை செய்த புதுப்பிப்பையெல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டு, கடைசியில் மறுபடி தொடங்கச் சொல்லிக் கேட்டது. ஐந்தும் ஆகிவிட்டது. பூரணி அழவில்லை. "மெஷினுக்குக் கூட நம்மளப் புடிக்கல போலக்கா" என்று சான்றிதழை மடித்துக்கொண்டு போனாள்.

மார்கழியில் வானம் வெளுத்திருந்த ஒரு நாள், ஷிராணி கணினியைத் தொடங்கி விட்டுவிட்டு கிறிஸ்மஸ் பாட்டுப் பழகப் போயிருந்தாள். வந்து பார்த்தால் புதுப்பிப்பு முடிந்திருந்தது. அதற்குப் பிறகு அது எதையும் கேட்கவில்லை. திலக்ஷனைக் கேட்டாள். "நடுவுல கரண்ட புடுங்காம விட்டா நாப்பது நிமிசத்துல முடியிற வேலைக்கா அது. புடுங்கினா மறுபடி மொதல்ல இருந்து வரும்" என்றான். ஐப்பசி முழுவதும் எங்கள் மலையில் பிற்பகல் மூன்று மணிக்குள் இடி தவறியதில்லை. இடித்த நாளெல்லாம் பிளக்கும் கழன்றது. அணைக்காதே என்று எழுதியவன் இங்கே ஒரு ஐப்பசி மாதம் இருந்து பார்த்திருக்க வேண்டும்.

மறுநாள் பகல் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு ஷிராணி போனாள். நானும் கூடப் போனேன். பூரணி கூடையை இறக்கிக்கொண்டிருந்தாள். திலக்ஷன் சொன்னதை ஷிராணி அப்படியே சொன்னாள். பிறகு, அன்று நடந்ததை முன்பே எனக்குச் சொல்லியிருந்தவள், என் கண் முன்னாலேயே பொய் சொன்னாள்.

"தப்பு என்னோடது பூரணி. அன்னைக்கு பிளக்க நான்தான் கழட்டிட்டேன். என்னைய மன்னிச்சிரு."

பூரணி கூடையைக் கீழே வைத்தாள். கொழுந்துக் கறை படிந்த தன் வலது கையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"செவுத்துப் பக்கம் நான்தானேக்கா ஒக்காந்திருந்தேன்" என்றாள்.