வரிசையில் நின்ற நீலக் குடம்

எனக்குச் சும்மா உட்கார வராது. தண்ணீர் லாரி வரும் நாளில் கேட்கவே வேண்டாம், வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தே கால் தேய்ந்துவிடும். முத்தாபுதுப்பேட்டையில் எங்கள் தெருவுக்கு லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் விடிந்ததுமே குடங்களை வரிசையில் வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்போம். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. வரிசை நகரும்போது ஆள் இல்லாத குடத்தையும் யாராவது தள்ளி விடுவார்கள்.

கழுத்தில் சிவப்பு நாடா கட்டிய நீலக் குடம் எதிர்வீட்டுப் பெரியவருடையது. பட்டாபிராமில் மூட்டை தூக்கி ஓய்ந்தவர். மனைவி போன பிறகு ஒற்றை அறையில் தனியாக இருந்தார். தெருவே அவரை நைனா என்று கூப்பிடும். கூப்பிடுவதோடு சரி, உள்ளே போய் உட்கார்ந்து பேசியவர் யாருமில்லை.

அன்று லாரி வந்து போய்விட்டது. யாரோ புண்ணியவான் அவர் குடத்தையும் நிரப்பி ஓரமாக வைத்திருந்தார். வெயில் ஏறியும் அது அங்கேயே இருந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்டேன். காலையில்கூடப் பார்த்தேனே என்றாள். துருவினால், அவள் பார்த்தது குடத்தை. இன்னொருத்தியைக் கேட்டேன், அவளும் குடத்தைத்தான் பார்த்திருக்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டித் தட்டிக் கை வலித்ததுதான் மிச்சம். போய்ச் சேர்ந்துவிட்டாரோ என்று பயந்து தெரு ஆண்களைக் கூப்பிட்டேன். அவர்கள் தோளால் இடித்ததில் தாழ்ப்பாள் பெயர்ந்தது. குடத்தை வைத்துவிட்டுத் திரும்பியவர், தரையில் வழுக்கி விழுந்து கிடந்தார். இடுப்பை அசைக்க முடியவில்லை. உயிர் இருந்தது, அப்பாடா. அவர் ஈனக்குரலில் கூப்பிட்டது வாசலைத் தாண்டவில்லை, லாரி வந்த பிறகு மோட்டார் சத்தத்தில் அமுங்கியே போயிருக்கிறது.

ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அந்த நீலக் குடத்திலிருந்தே ஒரு தம்ளர் மொண்டு கொடுத்தேன். குடித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"'நைனா கொடத்தயும் தள்ளு'ன்னு யாரோ சொன்னது கேட்டுச்சி கண்ணு. அடுத்தாப்ல நைனா எங்கன்னு கேப்பீங்கன்னு பாத்துகினே கெடந்தேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது.

இடுப்பில் தகடு வைத்துத் திரும்பி வந்திருக்கிறார். இப்போது அவர் குடத்தை வரிசையில் வைப்பது நான். லாரி வந்ததும் அவர் வாசலில் நின்று, நைனா இருக்கீங்களா என்று கத்துவேன். சண்டைக்காரி என்று எனக்குப் பெயர், இருந்துவிட்டுப் போகட்டும். "கீறேன் கண்ணு" என்று உள்ளேயிருந்து குரல் வந்த பிறகுதான் அந்த நீலக் குடத்தைத் தள்ள விடுவேன்.